ஊரே பேசிக்கொண்டிருந்த நாள்

"சிஸ்டர், எங்க ஊரே பேசிட்டிருக்குது. யார் கூடன்னுதான் தெரியல."

கோவிந்தன் பைக்கை விட்டு இறங்காமலேயே சொன்னது இதுதான். போளூரில் கட்டட வேலை பார்க்கிறவன். அன்று காலை அவன் ஊரில் ஒரு வளைகாப்பு. அதற்காக மலை ஏறிப் போனவன், வழியில் பஞ்சர் ஆகி, விருந்து முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறான். போன வேகத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான்.

"குடிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா குடிக்குமா சிஸ்டர்? செத்துப்போன எங்கப்பாவுக்குச் சோறு போட்டுனு இருக்குது."

நான் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், நல்ல டாக்டர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் இந்த நாளைத்தான் சொல்வேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

எனக்கு வாய்த்த டாக்டர்கள்

அதற்கு முன் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்தபோது இருந்தவர் தங்கமான மனிதர். தன் சாப்பாட்டைப் பேஷண்டுக்குக் கொடுத்துவிட்டு வெறும் டீயோடு இருந்துவிடுவார். ஆனால் பாம்புக்கடி வந்தால் தடுமாறுவார். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஊசி போடாமலே கீழே அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பிய ஒரு பெண் மலைப்பாதை இறங்கி முடிப்பதற்குள் போய்விட்டாள். அன்று அவர் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அந்த அழுகையால் யாருக்கும் பயனில்லை.

அவருக்குப் பிறகு வந்தவருக்குக் கை அப்படி ஒரு கை. கால் முதலில் வரும் குழந்தையை ஜீப்பிலேயே பத்திரமாக எடுத்தவர். ஆனால் எந்த நாளில் மலையில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. கீழே அவருக்குச் சொந்தமாக கிளினிக் இருந்தது.

மூன்றாவதாக வந்தவர்தான் டாக்டர் தாமரைச்செல்வி. என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். பேச்சு குறைவு. மலைப் பெண்களின் ரத்தசோகையைப் பார்த்துவிட்டு, கூடப் படித்தவர்களிடம் உதவி கேட்டு, கீழே ஒரு மண்டியில் கொள்ளு மூட்டை வாங்கி, சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி, கர்ப்பிணிகளுக்கு ஊர் ஊராகக் கொடுத்தார். ஊர் கைகூப்பியது. எனக்கும் பெருமையாக இருந்தது.

பனிக்குள்

கார்த்திகை முடிந்து பனி இறங்கும் காலம். அன்று கோவிந்தன் சொன்னதும் டாக்டரும் நானும் நடுப்பகலிலும் ஜீப் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனோம். ஊர் முகப்பில் டிரைவர் ஹார்ன் அடித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் காதில் விழுந்தது முணுமுணுப்பு. எல்லா வீடுகளிலிருந்தும் வந்தது, தாழ்ந்த குரலில், விட்டு விட்டு. எதிரில் இருப்பவர் பதில் சொல்ல நேரம் கொடுப்பதுபோல ஒவ்வொருவரும் நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். ஒரு வாசலில் உட்கார்ந்திருந்த ஆள் காற்றிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தி சேலையிலிருந்து மற்றவள் கண்ணுக்குத் தெரியாத நூலை உருவிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தனின் அம்மா குப்பம்மா சுவர் மூலையில் தட்டு வைத்துக் குனிந்திருந்தார். "இன்னும் ஒரு கரண்டி போடவா?" என்று கேட்டார். காத்திருந்தார். "சரி, போதும்னா வுடு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். விழியில் பழுப்பே இல்லை. முழுக்கக் கருப்பு. அந்தக் கண்ணுக்குள் என் முகம் தெரிந்தது.

வளைகாப்புப் பெண்ணின் பெயர் செல்வி. கையெல்லாம் புது வளையலோடு கட்டிலில் கிடந்தாள். டாக்டரின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே, "அந்தக்காவ ஏன் வெளியவே நிக்க வச்சிருக்கீங்க? உள்ள வரச் சொல்லுங்க" என்றாள்.

நான்கு வீடு தள்ளி ஒரு கிழவரும் அதே இடத்தைப் பார்த்து, "பின்னாடி ஒரு பொம்பள நிக்குதே, அதுக்கும் எடம் குடும்மா" என்றார். இருவரும் பேசிவைத்துக்கொள்ள வழியே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பனிதான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளத்தான் தோன்றியது.

டாக்டர் திரும்பவில்லை. "டார்ச் குடுங்க சிஸ்டர்" என்றார்.

மலையில் விஷம் என்றால் பெரும்பாலும் பூச்சிமருந்துதான். அதற்கு முறிவு அட்ரோபின் ஊசி. என் கை பழக்கத்தில் அந்த ஆம்பியூலைத்தான் எடுத்தது.

"அத வைங்க. பூச்சிமருந்துன்னா கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும். இது விரிஞ்சு கெடக்கு. நாக்கு காஞ்சிருக்கு, உடம்பு கொதிக்குது, வேர்வை இல்ல. அட்ரோபினும் இதையேதான் செய்யும், போட்டா நாமளே கொன்னுடுவோம்." பிறகு கோவிந்தனிடம் கேட்டார்: "விருந்துல எல்லாரும் சாப்புட்டது இன்னா?"

"களியும் கொள்ளுக் கடைசலும்தான் மேடம். நீங்க குடுத்த கொள்ளு. பைங்கள ஒண்ணாக் கொட்டி ஆக்கிட்டாங்க."

டாக்டர் மிச்சம் இருந்த பையைக் கொண்டுவரச் சொல்லி முறத்தில் கொட்டினார். விரலால் பரப்பினார். கொள்ளுக்கு நடுவே அதைவிடச் சின்னதாக, தட்டையாக, மிளகாய் விதை போல வேறு விதைகள் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஊமத்தை. நல்லது செய்யறோம்ங்கற நெனப்புல நான் சலிச்சுக்கூடப் பாக்கல" என்றார். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வேலையைப் பற்றியது. "கோவிந்தா, வூடு வூடாப் போய்ட்டு வா. யாரு இங்க இல்லன்னு பாரு."

செல்வியின் மாமனார் வெள்ளையனைக் காணவில்லை. யாரையோ வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று பனிக்குள் நடந்து போயிருக்கிறார். அவரோடு யாரும் போகவில்லை. கோவிந்தன் தேடிப் போய், பனியில் வழி தெரியாமல் திரும்பி வந்தான்.

போனில் வந்த யோசனை

பள்ளிக்கூடக் கட்டடத்தைத் திறந்து எல்லோரையும் அங்கே சேர்த்தோம். ஜன்னலை மூடி இருட்டாக்கச் சொன்னார். ஒருவரையும் கட்டக் கூடாது, அதட்டக் கூடாது என்றார். ஸ்டொமக் வாஷ், ட்ரிப், ஈரத்துணி, துள்ளுகிறவர்களுக்கு அமைதிப்படுத்தும் ஊசி. மோசமாக இருந்தவர்களை 108-இல் திருவண்ணாமலைக்கு அனுப்பினார். அந்த அரை இருட்டில் வரிசையாகப் படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் இல்லாதவர்களிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். சிலர் சிரித்தார்கள்.

மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. டாக்டர் கையில் கையுறை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், விசேஷ வூடு. சாராயம் குடிச்சிருப்பாங்க. அப்படியே ரிப்போர்ட் குடுத்துடுங்க. உங்க பேரு இன்னாத்துக்கு வெளிய வரணும்?"

"சார், நேத்துதான் இதே மூட்டையிலேர்ந்து இன்னும் பல ஊருக்குக் குடுத்திருக்கேன். சாராயம்னு சொன்னா அங்கல்லாம் கொள்ளு அடுப்புல ஏறும்."

"யோசிச்சுச் செய்யுங்க. என்கொயரி வரும்."

"வரட்டும் சார்."

டாக்டர் அந்த ஊரை விட்டு நகர முடியாது. அதனால் என்னை ஜீப்பில் அனுப்பினார். ஏறும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். "கொள்ளுல ஏதோ கலந்துடுச்சாம்னு பட்டும் படாமச் சொல்லாதீங்க சிஸ்டர். டாக்டரம்மா குடுத்த கொள்ளுல விஷம் இருக்குது, அவங்களே சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லுங்க. அப்பதான் அந்த நிமிஷமே கீழ கொட்டுவாங்க."

அவர் சொன்னதன் அர்த்தம் அடுத்த ஊரில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு வீட்டில் கொள்ளு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கரண்டியை விடவே மாட்டேன் என்றாள்.

"டாக்டரம்மா குடுத்தது விஷமா? வேற யாருகிட்டனா போய்ட்டுச் சொல்லு சிஸ்டர்."

"அவங்களேதான் சொல்லச் சொன்னாங்கம்மா. நான் குடுத்ததுன்னு சொல்லு, அப்பதான் கேப்பாங்கன்னாங்க."

அவள் சட்டியோடு தூக்கிக்கொண்டு போய் குழி தோண்டிக் கொட்டினாள். பொழுது இறங்குவதற்குள் எல்லாப் பைகளும் ஜீப்பில் இருந்தன. வேறு எந்த ஊரிலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு

பள்ளிக்கூடத்திலும் திருவண்ணாமலையிலும் படுத்திருந்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள். குப்பம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. வெள்ளையனை மட்டும், மறுநாள் பனி விலகியதும், ஒரு பாறைச் சரிவின் அடியில் கோவிந்தன்தான் கண்டுபிடித்தான். உயிர் இல்லை.

என்கொயரி வந்தது. டாக்டர் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தார். மெமோ கிடைத்தது. பேசாமல் கீழே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று வேண்டியவர்களே சொன்னார்கள். வெள்ளையனின் காரியம் முடிந்த பிறகு டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

வெள்ளையனின் மனைவி மாரி வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. டாக்டர் நின்றபடியே சொன்னார்: "நான் குடுத்த கொள்ளுதாம்மா. பாக்காம குடுத்துட்டேன்."

நான் எதையும் எதிர்பார்த்துத்தான் நின்றேன். கல் எறிந்தாலும் தப்பு சொல்ல முடியாது. மாரி உள்ளே படுத்திருந்த மருமகள் செல்வியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இவளுக்கு மாசம் நெருங்குது. பிரசவத்துக்கு நீ இங்க இருப்பியா, போய்டுவியா?"

"இருப்பேம்மா."

நல்ல மனசு மட்டும் இருந்திருந்தால் அன்று அவரும் அழுதுகொண்டு நின்றிருப்பார், நான் அட்ரோபின் போட்டிருப்பேன். படிப்பு மட்டும் இருந்திருந்தால் சாராயம் என்று எழுதியிருப்பார், மற்ற ஊர்களும் பேச ஆரம்பித்திருக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மாரியின் மருமகளுக்குப் பிரசவம் பார்த்தது டாக்டர் தாமரைச்செல்விதான். குழந்தையை வாங்கிக்கொள்ள மாரி கையை நீட்டியபோது, டாக்டர் உடனே கொடுக்கவில்லை. மூச்சு, நிறம், தொப்புள் எல்லாவற்றையும் இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தார். மாரியும் அவசரப்படுத்தாமல் கையை நீட்டியபடியே காத்திருந்தார்.