மாமனார் கொடுத்த வாட்சைக் கழுவிய சாயங்காலம்

என் அண்ணனுக்குக் கல்யாணத்தில் மாமனார் போட்டது தங்க வாட்ச். முலாம் இல்லை, பட்டை உட்பட அசல் தங்கம். அவர் மஸ்கட்டில் ஒரே முதலாளிக்கு இருபது வருடம் கார் ஓட்டியவர். ஊருக்குக் கிளம்பும் நாளில் முதலாளி கொடுத்ததாம். டிரைவர் கைக்கு இது எதற்கு என்று அவர் ஒரு நாளும் கட்டவில்லை. வரப்போகிற மாப்பிள்ளை கட்டட்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார். அதனால் அண்ணன் குளிக்கிற நேரம் தவிர அதைக் கழற்றுவதே இல்லை. நடவுக்கு வந்த பெண்கள் தேவையே இல்லாவிட்டாலும் அவனிடம்தான் மணி கேட்பார்கள்.

ஆனி கடைசி நாள். வரப்பில் நண்டு வளை விழுந்து, எங்கள் தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அவசரத்தில் முழங்கை வரை கையை விட்டுச் சேற்றை வைத்து அடைத்தான். கையை வெளியே எடுத்தபோது வாட்ச் இருந்த இடத்தில் ஒரு களிமண் உருண்டை இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது காய்ந்தும் போயிருந்தது.

மறுநாள் ஆடி ஒன்று. தலை ஆடிக்கு அழைக்க மாமனார் வருகிறார்.

"அவரு பாத்தா என்ன நெனப்பாரு? நாம கட்டாம வச்சிருந்ததக் குடுத்தா, இவன் சேத்துல போட்டு அடிக்கிறானேன்னு நெனைக்க மாட்டாரா?" என்றான் அண்ணன்.

"நண்டுக்கு மணி காட்டினேன்னு சொல்லு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அண்ணி ஒரு கிண்ணம் நிறைய பூந்திக்கொட்டைத் தண்ணீரை நுரைக்க நுரைக்கக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் வளையல், சங்கிலி எல்லாம் அதில்தான் ஊறும்.

"அண்ணி, அது செயின் இல்ல. வயித்துக்குள்ள மெஷின் இருக்கு. முக்குனா முடிஞ்சுது."

"அப்ப பல்பொடி போட்டுத் தேய்ப்பமா தம்பி?"

"தேய்ங்க. கீறல் விழுந்தா உங்கப்பாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

கிண்ணம் உள்ளே போய்விட்டது. பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்த பிறகு, நன்னிலத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். தண்ணீர் குடித்த மெஷின் என்ன பாடுபடும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணாடி மேலிருந்த மண்ணை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஆவி படியவில்லை, முள் ஓடியது. சாவி கொடுக்கிற திருகு முழுக்க உள்ளே அமுங்கியிருந்தது. காய்ந்த மண்ணை அப்படியே துடைத்தால் அதிலிருக்கும் மணல் தங்கத்தைக் கீறும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பை இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, பட்டையை மட்டும் சுற்றி வைத்தேன். மண் இளக வேண்டும். அதற்குள் அண்ணன் நாலு தடவை வந்து, எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டான்.

"எங்கிட்ட ஏன் கேக்குற? நண்டுகிட்டப் போய்க் கேளு."

குழந்தைகள் பல் தேய்க்கிற மெத்தென்ற பிரஷ் ஒன்று புதிதாக வாங்கிவந்து, பட்டையைக் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். இடுக்கில் இருந்த சேற்றுக்கு அண்ணன் சேப்டி பின்னை நீட்டினான். பிடுங்கித் தூரப் போட்டுவிட்டு மரப் பல்குச்சியால் எடுத்தேன். வேறு துணியை நனைத்துப் பிழிந்து சோப்பைத் துடைத்தேன்.

"ஈரம் போக அரிசி டின்னுல போட்டு வைப்பமாடா?"

"போடு. தவிடு ஏறி வாட்ச் நின்னுடும், அப்புறம் அரிசிக்கு மட்டும்தான் மணி தெரியும்."

அண்ணியின் மூக்குக் கண்ணாடித் துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் துண்டு விரித்து வைத்தோம். இருட்டுவதற்குள் கடையில் வாங்கிவந்தது போல ஆகிவிட்டது. அண்ணன் என் முதுகில் தட்டினான்.

காலையில் மாமனார் திருத்துறைப்பூண்டியிலிருந்து சீர்த் தட்டோடு வந்தார். காபி கொடுக்கிற சாக்கில் அண்ணன் கையை நன்றாகவே நீட்டினான். அவர் வாட்சையே பார்த்தார். காபியைக் குடிக்கவில்லை.

"மெருகு கொறையவே இல்ல" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நான் வாரேன்னு இன்னைக்கு எடுத்துக் கட்டுனீங்களா மாப்ளே? பரவால்ல. பெரிய பொருளு, கட்டக் கூச்சமாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தான். சேற்றுக் கதையைச் சொன்னால் ஒரு சங்கடம், சொல்லாவிட்டால் ஒரு சங்கடம்.

"கழட்டி அவருகிட்டக் குடுண்ணே" என்றேன்.

கழற்றினான். ஆறு மாத வெயிலில் கறுத்துப்போன கையில், பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. நடுவில் டயல் அளவுக்கு ஒரு வட்டம்.

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணன் கையைப் பிடித்து, அந்த வெளுப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு வாட்சைத் தானே மாட்டிவிட்டு, பூட்டை அழுத்தினார்.

"வெயில்ல ரொம்ப நிக்காதீங்க மாப்ளே" என்றார்.