ஜீப்புக்கு வழிவிடாத பாவு

சுற்றுலாத் துறையில் கைடு வேலை என்றால் உள்ளதைக் காட்டுவது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். உள்ளதை மறைப்பதுதான் பாதி வேலை என்று யாரும் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசி அது. திருத்தணி மலைக்கு வரும் பயணிகளைப் பள்ளிப்பட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் நெசவாளர் தெருவுக்கும் அழைத்துப் போய், அதைப் 'பாரம்பரிய கிராமம்' ஆக்குவது திட்டம். திட்டம் ஜெயித்தால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். மேலதிகாரிகளோடு குப்பை கொட்டியவர்களே, நீங்கள் விடும் பெருமூச்சு எனக்குக் கேட்கிறது.

கோணித் திரை

எங்கள் அதிகாரி தெருவைச் சுற்றிப் பார்த்ததுமே முகம் சுளித்தார். பாதி வீட்டில் கைத்தறி, பாதி வீட்டில் விசைத்தறி. டிரான்சிஸ்டர் வேறு பாடியது. பயணிகள் பஸ் வரும் நேரம் விசைத்தறியை நிறுத்தி, வாசலில் கோணி தொங்கவிட வேண்டும் என்றார். அதைப் போய்ச் சொல்லும் பாக்கியம் எனக்கு. விசைத்தறிக்கார முனுசாமி தறியை நிறுத்தாமலே கத்தினார்: "கரெண்டு கேட்டு நாயா அலைஞ்சோம் நைனா. கம்பம் நட்ட அன்னிக்குத் தெருவே பொங்கல் வெச்சுது. மறைக்கணும்னா உங்க ஆபீசர் அவரு கண்ணை மூடிக்கட்டும்!"

ஞாயிற்றுக்கிழமைக் காவடி

ஆடிக் கிருத்திகை முடிந்த அடுத்த வாரம் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. காவடி பார்க்காமல் போகமாட்டோம் என்றார்கள். அதற்கென்ன, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை எடுக்கச் சொல் என்றார் அதிகாரி, காபி கொண்டுவரச் சொல்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வேலையாயிற்றே, கேட்டேன். வருஷா வருஷம் காவடி எடுக்கும் எதிர்வீட்டு ராஜம்மாக்கா ராட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என் புள்ள பொழைச்சதுக்கு முருகன்கிட்ட வேண்டிக்கினேன். அவரு கேட்டா எடுப்பேன். பஸ்ஸு கேட்டா எடுக்கமாட்டேன்."

ஹாரன்

திட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய பெரிய அதிகாரி மெட்ராசிலிருந்து மத்தியானம் வருவதாக இருந்தார். வெயிலுக்குப் பயந்து காலையிலேயே வந்துவிட்டார். காலையில் எங்கள் தெரு பாவுக்குத்தான் சொந்தம். தறியில் ஏற்றப்போகும் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காயும்வரை இரண்டு பக்கமும் ஆள் நின்று பிரஷ்ஷால் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் விட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டில் அப்புறம் அடுப்பெரிவது கஷ்டம். அன்றைய பாவு ராஜம்மாக்காவுடையது. அவர் புருஷன் ஜுரத்தில் படுத்திருந்ததால் ஒற்றை ஆளாக ஓடி ஓடி வாரிக்கொண்டிருந்தார்.

ஜீப் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. பாவை அவிழ்த்து ஓரம் கட்டச் சொல் என்றார் எங்கள் அதிகாரி. பெரியவர் நாலடி நடந்து வரலாமே என்றேன். "அவரை நடக்க வைப்பியா? அவிழ்க்கலைன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே" என்றார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பாவின் மறுபக்கம் போய் பிரஷ்ஷை எடுத்தேன். முனுசாமி தறியை நிறுத்திவிட்டு வந்தார். ஒவ்வொரு வீடாக ஆட்கள் வந்து நின்றார்கள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, நாங்கள் வாரிக்கொண்டே இருந்தோம். "நீ கவர்மெண்ட் ஆளா, இந்தத் தெரு ஆளா?" என்று அதிகாரி கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் ராஜம்மாக்கா முந்திக்கொண்டார்: "இன்னா சார் கேள்வி இது? அவன் கையில கஞ்சி இருக்குது, தெரியல?"

ஜீப் வந்த வழியே திரும்பியது, 'பாரம்பரிய கிராமம்' என்ற பலகையும் வரவில்லை, என் வேலையும் நிலைக்கவில்லை, ஆனால் பாரம்பரியத்தைப் பார்க்க வந்தவர் அதை நகரச் சொல்லி ஹாரன் அடித்த அந்தக் காலையில், பாவு ஓர் இழைகூட ஒட்டாமல் காய்ந்தது.