பதினேழும் பத்தொன்பதும்

கோதுமைக் கொள்முதல் நிலையத்து எடைமேடையில் க்ளெனிஸ் ஸ்வார் உட்கார்ந்திருந்தால், லாரிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து லாரி வரும். எந்த லாரி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, காலையில் வந்ததா மத்தியானம் வந்ததா என்பதை ஏட்டைப் பார்க்காமலே சொல்வாள். ஆட்டு மந்தையைப் பட்டியின் வாயிலில் நிறுத்தி மூன்று மூன்றாக எண்ணி விடுவதில், வில்கா ஏரி வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆயிரத்து இருநூறு ஆட்டில் ஒன்று குறைந்தாலும், "ஒண்ணு புதர்ல நிக்குது, போய்ப் பாரு" என்பாள். போய்ப் பார்த்தால் நிற்கும்.

இதெல்லாம் அவள் பிழைப்பு. அவள் வாழ்க்கை துல்லாபின் கால்பந்து கிளப். கால்பந்து என்றால் எங்கள் நாட்டுக் கால்பந்து: பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவப் பந்து, நாலு கால் பகுதி, ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. பதினேழு வயதில் ஆட்டக்காரர்களுக்கு ஆரஞ்சுப் பழம் நறுக்கிக் கொடுக்க வந்தவள், ஐம்பத்தாறு வயதில் அணி மேனேஜராக இருந்தாள். நடுவில் நுழைவாயிலில் சீட்டுக் கிழித்தாள், இரண்டு வருடம் செயலாளராக இருந்தாள், பச்சையும் மஞ்சளுமான ஜெர்சிகளை ஞாயிறுதோறும் துவைத்துக் கொடியில் காயப் போட்டாள். அவள் கணவன் நீல் அந்தக் கிளப்புக்காக மூன்றே ஆட்டம் ஆடி முழங்காலை உடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து மைதானத்து ஓரம் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, ரேடியோவில் நகரத்து ஆட்டத்தைக் கேட்பான். கண்ணெதிரே நடக்கிற ஆட்டத்தின் கணக்கு அவனுக்குத் தெரியவே தெரியாது. அப்படி ஒரு மனுஷன்.

எங்கள் லீக்கின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்குக் கிளப்புகளின் வரலாற்றை எழுதியவளும் க்ளெனிஸ்தான். ரயில் நின்ற இடமெல்லாம் ஒரு கிளப் இருந்த காலம் அது. ஒரு கடை, ஒரு தேவாலயம், நாலு வீடு, ஒரு கிளப். அப்படிப் பதினொன்று. பிறகு பண்ணைகள் பெரிதாயின, ஆட்கள் குறைந்தார்கள், ரயில் நின்று போனது. கிளப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. சேர்ந்தாலும் பெயரை விட்டுக் கொடுப்பார்களா? ஊர் சுருங்கச் சுருங்கக் கிளப்பின் பெயர் நீண்டுகொண்டே போனது. நாலு ஊர்ப் பெயரை ஒட்டி வைத்த ஒரு கிளப்பின் பெயரை ஸ்கோர் பலகையில் எழுத இடம் போதாமல், "அவங்க" என்று மட்டும் எழுதிய வருடமும் உண்டு.

1994-இல் மிச்சம் இருந்தவை ஆறு. அதில் ஒட்டுப் போடாமல் ஒற்றைப் பெயரோடு நின்றது துல்லாபின் மட்டும். நின்றது என்று பெருமையாகச் சொல்லலாம். ஜெயித்தது என்று சொல்ல முடியாது. தொடர்ந்து நாற்பத்தேழு ஆட்டம் தோற்றிருந்தார்கள்.

போன வருடக் கூட்டத்திலேயே லீக் கறாராகச் சொல்லிவிட்டது. அடுத்த பருவத்தில் ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயித்தால் துல்லாபின் இருக்கலாம். இல்லாவிட்டால் கிளப்பைக் கலைத்து, ஆட்களைப் பக்கத்து ஊர் டங்கீத்தோடு சேர்க்கத் தீர்மானம் வரும். டங்கீத்தா! எண்பது வருடப் பகை. டங்கீத்தின் மேனேஜர் வெர்னா கோல், க்ளெனிஸின் பள்ளித் தோழி. கேக் போட்டியில் ஒருத்தி முதல் பரிசு வாங்கினால் மற்றவள் ஒரு மாதம் பேச மாட்டாள்.

கடைசி ஆட்டம் அந்த டங்கீத்தோடுதான், துல்லாபின் மைதானத்தில். சனிக்கிழமை மத்தியானம் க்ளெனிஸ் ஆட்களை எண்ணினாள். பதினாறு. ரெண்டு பேருக்கு ஃப்ளூ காய்ச்சல், ஒருத்தன் மாமியார் வீட்டுக் கல்யாணம் என்று ஓடிவிட்டான். ஆட வேண்டியது பதினெட்டுப் பேர்.

அவள் நேராக வெர்னாவிடம் போனாள்.

"ரெண்டு ஆள் இரவல் குடு வெர்னா."

"இரவல் குடுத்தே எங்க கிளப் தேய்ஞ்சு போச்சு. போன தடவை குடுத்தவன் ஜெர்சி பட்டனக்கூட திருப்பித் தரல நீ."

"ஜெர்சியில ஏதுடி பட்டன்?"

"அதான் சொல்றேன், அதையும் புடுங்கிட்டே," என்று வெர்னா சிரித்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ரெண்டு பேரைக் கை காட்டினாள். இது எங்கள் லீக்கில் வழக்கம். ஆள் குறைந்தால் எதிரியே தருவான். தந்துவிட்டு நன்றாக உதைப்பான்.

இரவல் வந்தவர்களில் ஒருவன் லிண்ட்சி. இருபத்தாறு வயது, செம்மறி ரோமம் கத்தரிக்கும் வேலை, நல்ல உடம்பு, கொஞ்சம் மந்தம். பச்சை மஞ்சள் ஜெர்சியை மாட்டிக்கொண்டு துல்லாபினுக்காக நன்றாகவே ஆடினான். ஆனால் மூன்றாம் கால் பகுதி முடிகையில் துல்லாபின் இருபத்தாறு, டங்கீத் எழுபத்தெட்டு. நீல் காரில் உட்கார்ந்து நகரத்து ஆட்டத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் லிண்ட்சி மூக்கில் ரத்தம் வழிய வந்து நின்றான். யாருடைய முழங்கையோ. க்ளெனிஸ் பஞ்சைத் திணித்தாள். ரத்தக் கறை பட்ட சட்டையோடு மைதானத்துக்குள் போகக் கூடாது என்று அப்போது புதிதாக விதி வந்திருந்தது.

"ஓடு, சட்டைய மாத்திட்டு வா. சீக்கிரம்!" என்றாள்.

அவன் ஓடினான். அவன் பை எங்கே இருக்கிறது? டங்கீத் அறையில். பையில் இருப்பது எந்தச் சட்டை? க்ளெனிஸ் அதை யோசிக்கவில்லை. லிண்ட்சி யோசிக்கிற ஆளே இல்லை.

சங்கு ஊதிக் கடைசிக் கால் பகுதி தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். க்ளெனிஸ் பழக்கத்தில் தன் ஆட்களை எண்ணினாள். மூன்று, ஆறு, ஒன்பது. பதினேழு. தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடி எண்ணினாள். பதினேழு. சரி, யாரோ ஒருத்தன் தப்பிவிட்டான். பிறகு எதிரணியை எண்ணினாள். பத்தொன்பது.

டங்கீத்தின் கறுப்பு வெள்ளைச் சட்டையில், மூக்கில் பஞ்சோடு, அவர்கள் கோல் அடிக்கும் பக்கம், ஆறு வருடமாக எங்கே நிற்பானோ அங்கேயே நின்றுகொண்டிருந்தான் லிண்ட்சி. பழகின கால் அவனைக் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது. டங்கீத்காரர்களுக்கும் அவனை அங்கே பார்ப்பது புதிதில்லை என்பதால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விதி க்ளெனிஸுக்கு மனப்பாடம். கேப்டன் நடுவரிடம் போய் "எண்ணுங்கள்" என்று கேட்டால், ஆட்டத்தை நிறுத்தி இரண்டு அணியையும் வரிசையில் நிறுத்தி எண்ண வேண்டும். ஒரு அணியில் ஒரு தலை கூடுதலாக இருந்தால், அதுவரை அவர்கள் எடுத்த புள்ளி அத்தனையும் அழிந்து போகும். ஏன் கூடியது, எப்படிக் கூடியது என்று விதி கேட்காது. எங்கள் லீக்கில் 1936-இல் ஒரு தடவை நடந்தது. அவளே எழுதியிருக்கிறாள்.

எழுபத்தெட்டு பூஜ்யம் ஆகும். துல்லாபினின் இருபத்தாறு அப்படியே நிற்கும். மிச்சம் இருபது நிமிடம் தடுத்து ஆடினால் போதும். நாற்பத்தேழு தோல்விக்குப் பிறகு ஒரு வெற்றி, திங்கட்கிழமை லீக் கூட்டத்தில் தீர்மானம் வராது, கிளப் பிழைக்கும்.

கேப்டன் டேரன், அவள் அண்ணன் மகன். இருபது தப்படி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். அவள் எல்லைக்கோட்டை ஒட்டி அவனை நோக்கி நடந்தாள். சத்தியமாக நடந்தாள். பின்னாளில் யாராவது அவளை உத்தமி என்று புகழ்ந்தால், "பத்து தப்படி நடந்தேன்டா, எண்ணி வச்சிருக்கேன்" என்று அவளே சொல்வாள்.

அந்த நேரம் பார்த்து லிண்ட்சி டங்கீத்துக்காக ஒரு கோல் அடித்தான். டங்கீத் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. லிண்ட்சி திரும்பி, க்ளெனிஸைத் தேடி, பஞ்சு அடைத்த மூக்கைத் தொட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். மூக்கு சரியாகிவிட்டது, கவலைப்படாதே என்று அர்த்தம்.

க்ளெனிஸுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தன்னை நம்பி மூக்கைக் காட்டியவன். தானே அனுப்பியவன். வெர்னா கையைக் காட்டி அனுப்பி வைத்தவன். அவனை வைத்தா அவளைக் கவிழ்ப்பது?

"டேய் லிண்ட்சி!" மைதானமே திரும்பியது. "எந்தச் சட்டையப் போட்டுட்டு நிக்கிற, கழுத!"

லிண்ட்சி குனிந்து தன் மார்பைப் பார்த்தான். வாயைப் பிளந்தான். பிறகு கார்களுக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது.

ஆனால் டேரன் சிரிக்கவில்லை. அவனுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. "அத்தை! அவங்க பத்தொம்பது பேரா? எண்ணச் சொல்லட்டுமா?"

நடுவர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். வேலிப் பக்கமிருந்து டேரனின் அப்பா மர்ரி, கிளப் தலைவர், தொண்டை கிழியக் கத்தினார். "எண்ணச் சொல்லுடா! இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? எண்ணச் சொல்லு!"

எதிர்ப் பெஞ்சில் வெர்னா முகத்தில் ஈயாடவில்லை. க்ளெனிஸையே பார்த்தாள்.

"எண்ணுறதுக்கு என்னடா இருக்கு?" என்றாள் க்ளெனிஸ். "நான் எண்ணிட்டேன். அவன் நம்ம ஆளு. நான்தான் சட்டை மாத்தச் சொல்லி அனுப்புனேன்."

டேரன் அப்பாவைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். "ஆட்டத்தப் போடுங்க சார்," என்றான் நடுவரிடம்.

தண்ணீர் கொடுக்கிற பையனின் ஜெர்சியைக் கழற்றி லிண்ட்சிக்கு மாட்டினார்கள். அது அவனுக்குத் தொப்புள் வரைதான் வந்தது. அந்தக் கோலை யார் கணக்கில் சேர்ப்பது என்று இன்றைக்கும் எங்கள் பாரில் சண்டை நடக்கும். துல்லாபின் அறுபத்து நாலு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. நாற்பத்தெட்டாவது தோல்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை மர்ரி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"எங்கப்பா கட்டுன கிளப்ப உன் கையாலயே கொன்னுட்டியே க்ளென்."

"எனக்கும் அவர் அப்பாதான், அண்ணே."

"வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன?"

"மூடிக்கிட்டு இன்னும் பத்து தப்படி நடந்திருந்தா, நானே எண்ணச் சொல்லியிருப்பேன். அதான் கத்துனேன்."

மர்ரிக்கு அது புரியவில்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். கடையில் ரெண்டு பேர் க்ளெனிஸைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்தார்கள். அவளுக்கே இரவெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. தப்புச் செய்துவிட்டோமோ என்று நூறு தடவை கேட்டுக்கொண்டாள். நீல் மட்டும், "ஏன், நேத்து என்ன ஆச்சு?" என்றான்.

திங்கட்கிழமை மாலை லீக் கூட்டம். தகரக் கூரை மண்டபம், ஆறு கிளப்பின் பிரதிநிதிகள், ஒரு தட்டு நிறைய சாண்ட்விச். துல்லாபினுக்காக க்ளெனிஸ் போனாள். மர்ரி வர மறுத்துவிட்டார். லீக் தலைவர் பெர்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போன வருட நிபந்தனையைப் படித்தார். ஒரு வெற்றியும் இல்லை. ஆக, தீர்மானம்.

குர்ராவிக் கிளப்பின் ராய்ஸ் எழுந்து முன்மொழிந்தான். வெறுப்பில் இல்லை. பதினாறு பேரை வைத்து எத்தனை காலம் ஓட்டுவது என்று நியாயமாகத்தான் பேசினான். க்ளெனிஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழிமொழியிறது யாரு?" என்றார் பெர்சி.

எல்லோரும் வெர்னாவைப் பார்த்தார்கள். ஆட்கள் போய்ச் சேரப்போவது அவள் கிளப்புக்கு. டங்கீத்தான் வழிமொழியும் என்று எப்போதோ பேசி முடிவாகியிருந்தது. வெர்னா கைப்பையைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வழிமொழியிறது யாரு?"

ஒருத்தர் கூரையைப் பார்த்தார். இன்னொருத்தர் சாண்ட்விச்சைப் பிரித்து உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ராய்ஸ் நின்றுகொண்டே இருந்தான். அவன் காது சிவந்துகொண்டு வந்தது.

"யாராச்சும் கையத் தூக்குங்கப்பா," என்றான். "நான் எவ்வளவு நேரம் இப்பிடி நிக்கிறது?"

"உக்காந்துக்கோ," என்றாள் வெர்னா, பையிலிருந்து தலையைத் தூக்காமலே. "உன்னை யாரு நிக்கச் சொன்னது?"

பெர்சி மூன்றாம் தடவையும் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வழிமொழிய ஆளில்ல. தீர்மானம் விழுந்துருச்சு. குறிப்பில எழுதிக்கோங்க."

நாற்பத்தெட்டு ஆட்டம் தோற்றும் பொது இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் க்ளெனிஸ். அன்றைக்கு அந்தத் தகர மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் விசும்பி விசும்பி அழுதாள். வெர்னா கைப்பைக்குள்ளிருந்து கடைசியில் ஒரு கைக்குட்டையை எடுத்து மேஜையின் குறுக்கே வீசினாள்.

"தொடச்சுக்கோ. அடுத்த வருஷமாச்சும் சொந்தமா பதினெட்டுப் பேரப் புடி. எங்க பசங்களுக்கு எந்தப் பக்கம் ஓடுறதுன்னே தெரிய மாட்டேங்குது."

"அடுத்தது," என்றார் பெர்சி, "இறுதி ஆட்டத்தன்னிக்கு மீட் பை பலகாரக் கடையில யாரு நிக்கிறது?"

க்ளெனிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையைத் தூக்கினாள்.