கொல்லை வேலியில் அவிழ்ந்த பதினோரு கட்டு

"வேலி போட்ட லட்சணம் இதுதான். மூணு மாசம்கூட ஆகல, கட்டெல்லாம் தானா அவுந்து கிடக்கு."

இப்படி ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார். திருவான்மியூரில், பட்டப்பகலில், நடுத்தெருவில் நின்றுகொண்டு சொன்னார். எனக்கு அடுத்த வேலை கொடுக்க இருந்த எதிர்வீட்டு அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பலராமன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். நாற்பத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் வேலியைக் குறை சொன்ன முதல் ஆளும் கடைசி ஆளும் அவர்தான். இதைப் படிக்கிற புதுப் பையன்கள் ஒன்றை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பிவலையை வேலிக்காலோடு சேர்க்கிற கட்டுக்கம்பி தானாக அவிழாது. துருப்பிடித்து அறும், வெட்டினால் அறும். தானாக அவிழ்வது என்பது பொய். அது பொய் என்று சொன்னவருக்கும் தெரியும். எனக்கு அதுதான் ஆறவில்லை.

1. நான் யார் என்பது

அடையாறு ஆற்றோரக் குடிசையில் பிறந்தவன். நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தேன், அதிலும் பாதி நாள் போகவில்லை. முள்கம்பி ரோலைத் தலையில் சுமக்கிற வேலையில் ஆரம்பித்தேன். முழங்கைக்குக் கீழே என் கையைப் பார்த்தால் தெரியும், கோடு கோடாக இருக்கும். அசோக் நகர், அடையாறு, மயிலாப்பூர் என்று நான் வேலிக்கால் நடாத தெரு குறைவு. இன்றைக்குத் துரைப்பாக்கத்தில் சொந்த வீடு, இரண்டு மாடி. யாரும் கொடுத்ததில்லை, நானே சம்பாதித்துக் கட்டியது.

என் வேலையில் சில கணக்கு உண்டு. எட்டடிக்கு ஒரு ஆங்கிள் போஸ்ட், அதாவது இரும்புக் கால். குழி இரண்டடி, கடற்கரைப் பக்கம் மணல் பூமி என்றால் இரண்டரை. ஜல்லி காங்கிரீட் போட்டு நாலு நாள் யாரும் தொடக்கூடாது. அதற்குப் பிறகுதான் வலை. இப்போது செல்போனில் ஆர்டர் எடுத்து, டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து, காலையில் குழி தோண்டி மத்தியானம் வலை இழுத்துவிட்டு, போகும்போது ஐந்து ஸ்டார் போடச் சொல்லிக் கேட்கிற கூட்டம் ஒன்று வந்திருக்கிறது. அவர்கள் போட்ட போஸ்ட்டை நான் ஒரு கையால் பிடுங்கிக் காட்டியிருக்கிறேன். வீட்டுக்காரர் கண்ணெதிரே.

2. வேலைக்குக் கூப்பிட்ட விதம்

அந்த வீட்டுக்காரர் பெயர் ஸ்ரீதர். ஐம்பது வயது தாண்டிய கம்பெனி அதிகாரி. அவர் மனைவி உமா, வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். மயிலாப்பூரில் இருந்த பழைய வீட்டை விற்றுவிட்டு திருவான்மியூரில் தனி வீடு வாங்கி வந்தவர்கள். போன மழையில் கொல்லைச் சுவர் விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் முள்ளு மண்டிய காலி மனை, அதைத் தாண்டினால் கால்வாய்.

நானும் என் மச்சான் ஏழுமலையும் அளக்கப் போனோம். ஏழுமலை என் மனைவியின் தம்பி, முப்பது வருஷமாக என்னோடு வேலை செய்கிறவன். ஸ்ரீதர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீங்க குவாலிஃபைடா? ஏதாவது சர்ட்டிஃபிகேட் இருக்கா? டிராயிங் குடுப்பேளா?"

"டிராயிங் போட்ட சுவருதான் சார் பின்னாடி படுத்துக்கினு கீது" என்றான் ஏழுமலை.

உமா அம்மா உள்ளே திரும்பிக்கொண்டு சிரித்தார். ஸ்ரீதர் சிரிக்கவில்லை. நான் மச்சானை அடக்கிவிட்டு, தொழில்காரன் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"எதுக்கு சார் வேலி? ஆடு மாடு வருதா, ஆளு வருதா?"

"திருட்டு பயம். காலி மனை வழியா யார் வேணா வரலாம்."

திருட்டு பயம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆறடி உயரம், மேலே வெளிப்பக்கம் சாய்த்து இரண்டு வரிசை முள்கம்பி. வலையைப் போஸ்ட்டுக்கு வெளிப்பக்கம் கட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒருவன் தள்ளினால் வலை போய்ப் போஸ்ட்டில் சாயும், கட்டுக்குப் பாரம் வராது. கட்டுக்கம்பியின் முறுக்கு உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே நிற்கிறவன் கைக்கு அது எட்டக்கூடாது. இதெல்லாம் எந்தக் காலேஜிலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அளந்துகொண்டிருந்தபோது கொல்லையில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீதரின் அப்பா. ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. வணக்கம் சொன்னேன், தலையை ஆட்டினார். என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கொல்லைக்குச் சின்னதாக ஒரு கேட் வேண்டும் என்றார்கள். அப்போது உமா அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"உள்ளேர்ந்து தொறக்க முடியாதபடி பண்ண முடியுமா?"

நான் சிரித்துவிட்டேன். "இன்னாம்மா, திருடன் உங்க ஊட்டு உள்ளேர்ந்தா வரப்போறான்?"

ஏழுமலையும் சிரித்தான். உமா அம்மா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்ரீதர், "உமா, நீ உள்ள போ. அவாளுக்குத் தெரியும்" என்றார். கேட்டே வேண்டாம் என்று முடித்தும்விட்டார். நானும் விட்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

3. காணாமல் போன காலை

வேலி முடித்து மூன்று மாதம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எதிர்வீட்டு அம்மா தன் வீட்டுக்கும் போடச் சொன்னார். ஒரு காலை பத்து மணிக்கு நானும் ஏழுமலையும் அங்கே வேலிக்கு நூல் பிடித்து அளக்கப் போனோம். தெருவே கலைந்து கிடந்தது. உமா அம்மா முகம் வெளுத்து வாசலில் நின்றார்.

"இன்னாம்மா?"

"அப்பாவைக் காணோம். ஒரு மணி நேரமாச்சு. வாக்கிங் போனவர் வரல."

ஸ்ரீதர் ஸ்கூட்டரில் கடற்கரைப் பக்கம் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பையன்கள் கோயில் பக்கமும் பஸ் ஸ்டாண்டு பக்கமும் ஓடியிருந்தார்கள். எல்லாரும் முன்வாசல் வழியாகத்தான் போயிருப்பார் என்று தேடினார்கள். பின்னால்தான் என் வேலி இருக்கிறதே!

வாக்கிங் போன மனிதரின் செருப்பு வாசலில் இருந்தது. அதைப் பார்த்தேன். வேறு எதுவும் யோசிக்காமல் கொல்லைக்குப் போனேன். தூரத்திலிருந்து பார்த்தால் வேலி கல்லு மாதிரி நின்றது. கிட்டே போய், நான் வழக்கமாகச் செய்கிற மாதிரி மூலைப் போஸ்ட்டில் கையை வைத்து ஆட்டினேன். போஸ்ட் ஆடவில்லை. வலை ஆடியது. வலையைத் தள்ளினேன், கதவு மாதிரி என் கையோடு வெளியே போய்த் திரும்பி வந்தது.

குனிந்து பார்த்தேன். மூலைப் போஸ்ட்டில் இடுப்பு உயரம் வரைக்கும் நாலு கட்டு இல்லை. வலையின் அடியில் ஓடும் கம்பியில் ஏழு கட்டு இல்லை. அறுந்த துண்டும் இல்லை.

"மாமா, இது வெட்னது இல்ல" என்றான் ஏழுமலை. "பொறுமையா அவுத்துக்கீறாங்க."

"உள்ளேர்ந்து" என்றேன். அந்தப் பக்கம் ஐம்பது அடியில் கால்வாய்.

நான் வலையைத் தள்ளிக்கொண்டு குனிந்து வெளியே போனேன். வயது அறுபத்தெட்டு, முள்ளுக்குள் அப்படி ஓடினேன். கால்வாய்ச் சரிவில் ஒரு பழைய கிணற்று உறை கவிழ்ந்து கிடந்தது. பெரியவர் அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெறுங்கால், காலில் ரத்தம். தண்ணீருக்கும் அவருக்கும் பத்தடி இருக்கும்.

கத்தினால் திடுக்கிட்டு எழுந்துவிடுவார் என்று மெதுவாகப் போனேன். அவர்தான் முதலில் பேசினார்.

"மணியடிச்சு எவ்வளவு நேரமாச்சு? எந்த வகுப்பு நீ?"

"நாலாங்கிளாஸ் சார்."

"ஏன் லேட்?"

"வேலி போட்டுக்கினு இருந்தேன் சார்."

"யாருக்கு?"

கையை நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். என் கட்டுக்கம்பிகள். பதினொன்று. ஒவ்வொன்றையும் நேராக்கி, பென்சில் மாதிரி ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். கூடவே காம்பு வளைந்த ஒரு ஸ்பூன். கட்டிங் பிளேயர் இல்லாமல் என்னாலேயே முடியாத வேலை அது. எத்தனை நாள் உட்கார்ந்து செய்தாரோ. செடிக்குப் பக்கத்தில் பூப் பறிக்கிறார் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

"இதைக் கிளாஸ்ல குடுத்துடு" என்றார்.

4. தெருவில் நடந்தது

காலி மனையில் முள் அதிகம் என்பதால் சுற்றிக்கொண்டு தெரு வழியாக அழைத்து வந்தோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஏழுமலை. ஸ்ரீதர் திரும்பி வந்திருந்தார். தெரு முழுக்க நின்றது. எதிர்வீட்டு அம்மா, "எங்கே இருந்தார்? கொல்லைப் பக்கமா? அங்கதான் வேலி இருக்கே!" என்றார்.

அப்போதுதான் ஸ்ரீதர் நான் ஆரம்பத்தில் எழுதிய அந்தப் பேச்சைப் பேசினார். கட்டெல்லாம் தானாக அவிழ்ந்துவிட்டதாம். அப்பா ஏதோ சத்தம் கேட்டுப் பார்க்கப் போனாராம்.

எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்தார். "நம்மாத்து வேலையை அப்புறம் பாத்துக்கலாம்ப்பா" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கையில் இருந்த பதினோரு கம்பியையும் தூக்கிக் காட்டினேன்.

"தானா அவுந்துச்சா? தானா அவுந்த கம்பி ஸ்கேலு மாதிரி நேரா நிக்குமா சார்? உங்கப்பாரு ஸ்பூன வச்சி உள்ளேர்ந்து அவுத்துக்கீறாரு. அவருக்கு இது எந்த ஊருன்னே தெரியல. இஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தாரு சார், கால்வாக்குள்ள! திருட்டு பயம்னு எங்கையில சொன்னீங்களே, எவன் சார் திருடன்?"

ஸ்ரீதர் தலை குனிந்துவிட்டது. பெரியவர் மட்டும் பலராமனைப் பார்த்து, "நீயும் லேட்" என்றார்.

உமா அம்மாதான் முன்னால் வந்தார். எதிர்வீட்டு அம்மாவிடம் நேராகச் சொன்னார். "அவர் சொல்றது நெஜம் மாமி. ரெண்டு வருஷமா அப்பாவுக்கு மறதி. அதுக்குத்தான் வேலியே போட்டோம்."

"ஏண்டி, இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?"

"இவர் வெளில சொல்லாதேன்னார்."

5. யார் மேல் கோபம்

நான் அப்படிக் கத்தியது சரியா என்று ஏழுமலை வண்டியில் கேட்டான். "பெரிய மனுசன் மானத்த வாங்கிட்ட மாமா." என் மானத்தை வாங்கும்போது இவன் எங்கே போயிருந்தான்? ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. டாக்டரிடம் எல்லாம் சொல்கிறார்கள். ஜோசியரிடம் சொல்கிறார்கள். வேலி போடுகிறவனிடம் மட்டும் சொல்லமாட்டார்கள். அவன் கம்பி கட்டிவிட்டுப் போகிறவன், அவனுக்கு எதற்கு வீட்டு விஷயம்? அந்த விஷயம் தெரியாததால்தான் சார், உங்கள் அப்பா கைக்கு எட்டுகிற மாதிரி பதினோரு முறுக்கையும் நானே திருப்பி வைத்தேன். வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்கிற வேலியும் உள்ளே இருக்கிறவரைக் காக்கிற வேலியும் ஒன்றில்லை. எல்லாம் நேர்மாறு.

என் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு பெண்பிள்ளை வாய் திறந்து கேட்டார். நான் அதை ஜோக்காக்கிச் சிரித்தேன். அந்த ஒரு கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் பெரியவர் காலில் முள் குத்தியிருக்காது.

மறுநாளே போய் வேலியை மாற்றினேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். வலையைக் கழற்றி உள்பக்கம் கட்டினேன். முறுக்கை வெளிப்பக்கம் தள்ளி, நுனியை மடக்கி அடித்தேன். முள்கம்பியை எடுத்துவிட்டேன். அடியில் வலையை அரையடி மண்ணுக்குள் இறக்கிக் காங்கிரீட் போட்டேன். பெரியவர் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பரீட்சை ஹாலில் மேற்பார்வை செய்வது போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீதர் ஒரு தரம் மட்டும் வந்து நின்று, "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேள்" என்றார்.

"எங்கையில மட்டும் சொல்லியிருந்தா எல்லார் முன்னாடியும் வந்திருக்காது சார்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து எதிர்வீட்டு வேலைக்காக அந்தத் தெருவுக்கு மறுபடி போனேன். ஆமாம், அந்த அம்மா என்னைத்தான் கூப்பிட்டார், வேறு யாரைக் கூப்பிடுவார்? அப்போது உமா அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார். நடுவில் ஒருநாள் குழாய் ரிப்பேருக்கு வந்தவன் முன்கேட்டைத் திறந்து போட்டிருக்கிறான். பெரியவர் கிளம்பிவிட்டார். தெரு முனை தாண்டுவதற்குள் பலராமன் பார்த்து, "சார், இன்னிக்கு லீவு சார்" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்து வந்து விட்டிருக்கிறான்.

"எங்காத்துக்காரருக்கு உங்க மேல கோவம் இன்னும் போகல" என்றார் உமா அம்மா. "ஆனா எனக்கு இப்பதான் ராத்திரி தூக்கம் வரது."

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போஸ்ட் இடைவெளி, குழி ஆழம், வலைக் கம்பியின் கனம் எல்லாம் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். டேப்பை எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம், வெளியிலிருந்து யார் வருவார்கள் என்று கேட்கிறீர்கள் அல்லவா, உள்ளே யார் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே போகப் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். உனக்கெதற்கு என்று சிலர் முறைப்பார்கள். போன வாரம் அடையாறில் ஒருவர் என்னை முறைத்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கால் மணி நேரம் நின்றேன். பிறகு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார்.