மூணு தண்ணி பார்த்த மெஷின்

பக்கெட் விற்கிறவர் வீட்டுக்கு வாஷிங்மெஷின் வந்தால் ஊர் என்ன பேசும்? என் வீட்டுக்காரருக்கு அதுதான் கவலை. சங்கராபுரம் கடைத்தெருவில் எங்களுக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. பக்கெட், டப், மக்கு, துணி தேய்க்கிற பிரஷ், கொடிக்கயிறு, கிளிப்பு என்று துவைக்கிற வேலையை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் திரும்ப பஸ் ஏறுவதற்குள் எங்கள் கடையில் ஒரு மக்காவது வாங்கிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட கடைக்காரர், மெஷின் ஏற்றிய வண்டியைக் கடைத்தெரு வழியாக விடாமல் பின்தெருவில் சுற்றவிட்டு, மேலே ஜமக்காளம் போட்டு மூடிக் கொண்டுவந்தார். அது போதாதா? யாருக்கோ முடியவில்லை, தூக்கி வருகிறார்கள் என்று எதிர்வீட்டம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

"ஐயோ, யாருக்கு இன்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலம்மா. துணி தொவைக்கிற மெஷினு," என்றார் என் மாமியார். அதைவிட யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தாலே தேவலை என்பது போலிருந்தது அவர் முகம்.

மெஷின் வரக் காரணம் நான்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பி.எட். சர்டிபிகேட் பீரோவுக்குள் அந்துருண்டையோடு தூங்கிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமைக்குள் வருவேனா மாட்டேனா என்று சொல்லியாக வேண்டும். காலை எட்டு மணிக்கெல்லாம் பஸ்ஸில் இருக்க வேண்டும். ஆனால் எட்டு மணிக்கு நான் எங்கே இருப்பேன்? பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கு முன்னால், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நிற்பேன். மாமிக்கு முழங்கால் வலி. மாமா, மாமி, நாங்கள் இருவர், மூன்று வயதுப் பாப்பா, ஐந்து பேர் துணியும் என் தலையில். நான் போய்விட்டால் யார் துவைப்பது என்ற கேள்விக்கு வீட்டுக்காரர் கண்டுபிடித்த பதில்தான் அந்த மெஷின்.

மாமிக்கு அது பதிலாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் துணி வெளுத்தால் மட்டும் போதாது, பாக்காக வேண்டும். தொழுகைக்கு ஆகிற மாதிரி சுத்தமாக வேண்டும் என்று அர்த்தம். ஒரு சொட்டு மூத்திரம் பட்டிருந்தாலும் அந்தத் துணியோடு தொழ முடியாது. சோப்புப் போட்டுக் கும்மிய பிறகு புதுத் தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும், அப்படி மூன்று தடவை. இதற்கு மூணு தண்ணி பார்ப்பது என்று பெயர். மாமி குளியலறையில் இருந்துகொண்டே, பின்கட்டில் நான் இரண்டோடு நிறுத்திவிட்டதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"பாப்பா ஜட்டியும் உங்க மாமா தொழுவுற லுங்கியும் ஒரே தொட்டியில சுத்துமா? நல்லா கீதே கதை!" என்றார். "இது எத்தினி தண்ணி பாக்குதுன்னு எவன் கண்டான்?"

வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்குப் போய், தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டார். புதுத் தண்ணீர் மூன்று முறை உள்ளே வந்து மூன்று முறையும் முழுசாக வெளியே போனால் சரிதான் என்றார் அவர். மெஷினில் கூடுதலாக அலச ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் கணக்கு சரியாகிவிடும். அப்பாடா என்று உட்காரப் போனேன். மாமி அதற்குள் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டு, முக்காலி போட்டு, மெஷினின் கழிவுநீர்க் குழாய்க்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வெளியே வந்தால் ஒரு மணி தள்ளுவார். அடுத்தது வந்தால் அடுத்த மணி.

முதல் தண்ணீர் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது உள்ளே இறங்கும்போது கரண்டு போயிற்று. கரண்டு தன் இஷ்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை.

"இப்ப இன்னா பண்றது? பழைய கணக்கு செல்லுமா, மொதல்லேர்ந்து பாக்கணுமா?"

"செல்லும் மாமி. தண்ணி உள்ளதானே நிக்குது?"

"நீ கணக்கு டீச்சரு. நீ சொல்ற கணக்கு வேற, இந்தக் கணக்கு வேற."

மறுபடி ஹஜ்ரத்திடம் ஆள் போயிற்று. "எங்க வூட்டுல மெஷினே இல்லியேப்பா, கரண்டு போனா அது இன்னா பண்ணும்னு நான் எங்க பாத்தேன்?" என்று மனிதர் சிரித்துவிட்டாராம். கரண்டு வந்தது. மாமி முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். நடுவில் மனசு கேட்காமல் பிஸ்மி சொல்லி மூடியைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். மெஷின் நின்றுபோய்க் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. "இன்னாடி இது, அழுவுது?" என்று மாமி முக்காலியோடு பின்னால் நகர்ந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொடிக்கயிற்றைச் சரி செய்கிற சாக்கில் மாடிக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மாமி இறங்கி வந்தார். "சரி, மத்த துணியெல்லாம் அதுலயே போட்டுக்க. உங்க மாமா லுங்கியும் போர்வையும் மட்டும் நான் கையால தொவச்சிக்கிறேன்."

"எதுக்கு மாமி? மூணு தண்ணிதான் பாத்தீங்களே?"

"சொன்னா கேளு. அவரு துணிய நீ தொடாத."

எனக்குச் சுருக்கென்றது. ஏன், என் கை என்ன நஜீஸா, பட்டால் அசுத்தமாகிவிடுமா? இத்தனை வருஷம் துவைத்தபோது ஆகாதது இப்போது என்ன ஆகிவிட்டது? யோசித்துப் பார்த்தால், சில மாசமாகவே மாமாவின் லுங்கி என் பக்கெட்டுக்கு வரவில்லை. எனக்கு முன்னால் எழுந்து மாமியே துவைத்துவிடுவார். கேட்டால் "பாப்பா மடியில ஒண்ணுக்குப் போய்டிச்சி" என்பார். அதையும் பின்கட்டுக் கூரைக்குள்தான் காயப்போடுவார், மாடிக்குக் கொண்டுபோக மாட்டார். வீட்டுக்காரரோ, "அம்மா முட்டி வலியோட தண்ணி தூக்கிக்கினு இருக்கறப்ப நீ எப்படி பஸ் ஏறிப் போவ? வேலைய வேணாம்னு சொல்லிடு," என்று முடித்துவிட்டார். ஒரு லுங்கியில் என் வேலை போயிற்று என்று பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூரில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் இருந்து எல்லோரையும் தவிக்கவிடுவதாகத் திட்டம். என் அம்மா முழுக் கதையையும் கேட்டார். "மெஷின் வாங்கிக் குடுத்துட்டாங்கன்னு கோச்சிக்கினு வந்தவள இப்பதான் பாக்கறேன்," என்று சாப்பாடு போட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார். பெற்ற தாயே இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். நான் அன்று திரும்புவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமா கட்டிலில் இடுப்போடு போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பின்கட்டில் மாமி, வலிக்கிற காலை நீட்டிவைத்துக்கொண்டு அவருடைய லுங்கியைப் பிழிந்துகொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பாமலே வழக்கம்போலச் சொன்னார்.

"இந்தப் பாப்பாவோட ஒரே ரோதனையாப் போச்சு. மடியில உக்காந்தா போய்டுது."

பாப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமி திரும்பினார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே தொழுவது, கல்யாண வீடுகளுக்குப் போகாதது, பிள்ளையிடம்கூடச் சொல்லாதது எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு அடக்க முடியாமல் போய்விட்டது. கட்டின மனைவியைத் தவிர யாருக்கும் அது தெரியக்கூடாது, மருமகளுக்குத் தெரிந்தால் செத்தே போய்விடுவார். நான் இதைப் போய் என் கை சுத்தத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

"ஆமா மாமி," என்றேன், உள்ளே கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி. "காலையில கெளம்புறப்ப மாமா மடியிலதான் உக்காந்துக்கினு இருந்தா. நான்தான் கவனிக்காம தூக்கிக்கினு போய்ட்டேன். இவளுக்கு எப்பதான் புத்தி வருமோ!"

மாமி லுங்கியை உதறாமல் அப்படியே பக்கெட்டில் போட்டுவிட்டு, முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாப்பாவைப் படுக்கவைத்துவிட்டு வந்து மாமி பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமி, நான் வேலைக்குப் போய்ட்டா சாயங்காலம் வரைக்கும் இந்த வூட்டுல நீங்களும் மாமாவும்தான். மெஷின் உங்களது. எப்ப வேணா போடுங்க, எப்ப வேணா எடுங்க. நான் தொறந்துகூடப் பாக்க மாட்டேன்."

மாமி பக்கெட்டிலிருந்த லுங்கியை எடுத்து உதறினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பாப்பா?"

"அவளையும் அங்கயே எல்.கே.ஜி.யில சேத்துடலாம்னு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினேன். அவர் கேட்டது பேத்தி மேல் உள்ள பாசத்தில் அல்ல. பாப்பாவும் என்னோடு வந்துவிட்டால் இனி யார் மேல் பழி போடுவது? நியாயமான கேள்விதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தேன். "மாமி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த மெஷின அரைகுறையா போட்டா மோட்டர் கெட்டுடும். தெனமும் ரொப்பித்தான் ஓட்டணும். அழுக்குத் துணி கம்மியா இருந்தா மடிச்சி வெச்ச துணியகூட எடுத்துப் போட்டுடுங்க. லுங்கி, போர்வை எதுவா இருந்தாலும் பரவால்ல."

"யாரு சொன்னா அப்படி?" என்றார் வீட்டுக்காரர்.

"மெக்கானிக் சொன்னாரு. நீங்க பக்கெட்டப் பாருங்க, மெஷின எங்களுக்கு வுடுங்க."

மாமா குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஆனால் வேண்டாம் வேண்டாம் என்று ரொம்ப நாளாய்த் தள்ளிவிடுகிற மோரை அன்று கேட்டு வாங்கி இரண்டு டம்ளர் குடித்தார்.

வெள்ளிக்கிழமையே போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம், ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பினால், எங்கள் மாடியில் கொடி நிறைய லுங்கி. கட்டம் போட்டது, கோடு போட்டது, பச்சை, நீலம் எல்லாம் வெட்டவெளியில் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்து மாடியில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்குமா?

"இன்னா மாமி, லுங்கி வியாபாரமும் ஆரம்பிச்சிட்டீங்களா? ஒரு ஆளுக்கு இவ்ளோவா?"

"அத ஏன் கேக்குற, போ!" என்று மாமி அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பில் எவ்வளவு பெருமை! "மெஷினுக்குத் தீனி போட முடியல எங்களால. ரொம்பலன்னா ஓடாதாமே. அதான் நல்ல துணியெல்லாம் எடுத்துப் போட்டுக்கினு கீறேன்."

மாமா அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மாற்று லுங்கி ஒன்றைப் பையில் வைத்து எடுத்துப் போனாராம்.

மறுநாள் காலையில் எனக்கு இட்லி இறங்கவில்லை, பாப்பா ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள், ஏழரை ஆகிவிட்டது. ஒரு வாரம் முன்பு என்னை அந்த வாசப்படி தாண்டவிடாத மாமி என் கைப்பையையும் சாப்பாட்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் இன்னா பண்ணிக்கினு கீற? கெளம்பு, கெளம்பு. நீ போனாத்தான் நான் மெஷினப் போட முடியும்."