விபூதி பூசிய பிரம்பு

முதல் பட்டை பிரம்புக்கு. அப்புறம்தான் தம் நெற்றிக்கு. காலை மணி அடிப்பதற்குள் ஹாலாஸ்யம் வாத்தியார் விபூதிச் சம்புடத்தைத் திறந்து, பிரம்பின் பிடியில் மூன்று கோடு இழுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மேஜைமேல் வைக்கிறார். வாடிப்பட்டிக்கு மேற்கே, போர்டு பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருஷமாக இதுதான் கடவுள் வாழ்த்து. சனிக்கிழமை அவருக்கு எண்ணெய் ஸ்நானம் என்றால் பிரம்புக்கும் உண்டு.

மனிதர் கெட்டவர் இல்லை. பையனுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயத்தோடு வாசலில் வந்து நிற்பார். வாய்பாடு தப்பினால் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. தொண்டையைக் கனைப்பார், அல்பாகா கோட்டை இழுத்துவிட்டுக்கொள்வார், கதை சொல்வார், பிறகு அடிப்பார். கதை எப்போதும் ஒன்றே. "மதுரையிலே சொக்கநாதர் கூலிக்கு மண் சுமக்க வந்துட்டுப் படுத்துத் தூங்கினார். பாண்டியராஜா என்ன பண்ணினான்? பிரம்பாலே முதுகிலே ஒண்ணு வச்சான். ஸ்வாமியே வாங்கிண்டார்டா, நீ எம்மாத்திரம்?" அந்த இடத்தில் கதை நின்றுவிடும், பிரம்பு புறப்பட்டுவிடும்.

பக்கத்துத் தெரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானமுத்து வாத்தியார். விக்கிரகம், மறுபிறவி என்று சாயங்காலம் பேச்செடுத்தால் இருவரும் கீரியும் பாம்பும்தான். பிரம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஒரே கட்சி. "அடிச்சு வளக்கணும்னு எங்க வேதத்துலயும் இருக்கு ஐயரே" என்பார் ஞானமுத்து. ஹாலாஸ்யம் பொடி டப்பியை நீட்டுவார். ஊராருக்கும் ஆட்சேபம் இல்லை. "கண்ண மட்டும் விட்டுருங்க சாமி" என்று சொல்லித்தான் பேயாண்டி தன் மகன் கருத்தக்கண்ணனைச் சேர்த்துவிட்டுப் போனான்.

போன ஆவணியில் அந்தப் பையன் முதுகில் நாலு தடிப்பு. இனி ஆடு மேய்க்கத்தான் போவேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டான். தாய் இருளாயிக்கு அது பொறுக்கவில்லை. பேயாண்டி ரேகைச் சட்டப்படி தினமும் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைக்கிறவன்; மகனாவது கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தவள் அவள். நேரே வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"வருசம் தவறாம பிட்டுத் திருநாளுக்கு மதுரைக்கு நடந்து போறவ நான். கதையப் பாதியில நிப்பாட்டாதீக சாமி. அந்த அடி அடிச்ச ராசா முதுகுலயும் விழுந்துச்சு, அம்புட்டுச் சனத்து முதுகுலயும் விழுந்துச்சு. எம்மவன் முதுகுல நாலு கெடக்கு. ஒங்க முதுகுல எத்தனைன்னு கோட்டக் கழட்டிக் காட்டுங்க. நாளைக்கே அவன அனுப்புறேன்."

"போ, போ. பொம்மனாட்டிக்கு என்ன தெரியும்?" என்றார் ஹாலாஸ்யம். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஞானமுத்துவிடம் போய் நடந்ததைச் சொன்னார். "அவளுக்கு ஒரு பதில் சொல்லும் ஓய்."

ஞானமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க ஆண்டவரும் சாட்டையடி வாங்கினவருதான் ஐயரே. யாரையும் கட்டிவச்சு அடிச்சவரில்ல. இம்புட்டு வருசமா இது எனக்குத் தோணலையே."

அன்று இருவரும் சண்டை போடவில்லை.

ஐந்தாம் நாள் ஹாலாஸ்யமே இருளாயி வீட்டுக்குப் போய், "பையனை அனுப்பு" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். கோட்டைக் கழற்றச் சொல்லாமலே அவள் மறுநாள் அனுப்பினாள்.

பிரம்பை விட்டுவிட்டாரா என்றால், அதுதான் இல்லை. விபூதியும் எண்ணெயும் நடக்கின்றன. நேற்றுகூடக் கருத்தக்கண்ணன் ஒன்பதாம் வாய்பாட்டில் தடுக்கினான். வாத்தியார் கனைத்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், கதையைத் தொடங்கினார். "பாண்டியராஜா முதுகிலே ஒண்ணு வச்சான்" என்ற இடமும் வந்தது. பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிரம்பை ஓங்கிய வலது கை அப்படியே நிற்க, வாத்தியாரின் இடது கை கோட்டுக்குள் புகுந்து, தம் முதுகைத் தடவிப் பார்த்தது.