அக்கா செய்த ஈர மீட்டர்

பால்கனித் தொட்டியில் மகள் செருகிவைத்திருக்கும் மலிவான ஈர சென்சார், காலையிலிருந்து அவள் செல்போனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது.

"தண்ணி ரொம்ப ஜாஸ்திப்பா. யாரு ஊத்துனது?" என்றாள்.

எண்பதுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸில், என் அக்கா இப்படி ஒன்றைச் செய்தாள். இரண்டு சைக்கிள் போக்ஸ் கம்பி, ஒரு பேட்டரி, பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய மீட்டர். கம்பிகளை மண்ணில் குத்தினால் ஈரத்துக்கு ஏற்ப முள் நகரும். "முள்ளு பாதியத் தாண்டினா யாரும் ஊத்தக் கூடாது" என்பது அவள் சட்டம். பெயின்ட் டப்பாவில் அவள் வைத்த ரோஜாவுக்காகத்தான் அவ்வளவும்.

அந்த வருடமே மஞ்சள் காமாலையில் அக்கா போய்விட்டாள். அதன்பின் வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. மீட்டரின் முள் மட்டும் கடைசிக் கோட்டிலேயே நின்றது. "இதுல இன்னாவோ கோளாறு கீது" என்று அப்பா பேட்டரியை மாற்றினார், கம்பிகளை உப்புத்தாளால் தேய்த்தார். முள் இறங்கவில்லை. ரோஜா இலைகள் பழுத்து உதிர்ந்தன.

செடியைப் பிடுங்கியபோது வேர் அழுகி நாறியது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் டெய்லி காலைல ஒரு சொம்பு ஊத்துவேன்" என்றாள்.

அப்பா உப்புத்தாளை மடித்தபடி, "நானும் டூட்டி முடிஞ்சு வந்து ஊத்திகினுதான் இருந்தேன்" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் ஊற்றிய சொம்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மகள் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தாம்மா" என்றேன்.